ஆற்றுக்கு இந்தப் பக்கம்

அத்தியாயம் ஒன்பது

சனிக்கிழமை காலை ரயிலில் ஆறு பெண்களுக்கு இடம் போட்டு, கொழும்பில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு ஹோட்டல் பிடித்து, ராத்திரிச் சாப்பாட்டோடு பாட்டுக் கச்சேரிக்கும் சொல்லிவைத்து, "அப்பாடா" என்று அனுஷியா படுத்த இடத்தில் போன வாரம் நிறுத்தினோம். பாவம், தூங்கட்டுமே என்று விட்டேன். அந்த வீட்டில் நிம்மதி ஒரு ராத்திரிக்கு மேல் தங்கினதாகச் சரித்திரமே கிடையாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்டி மஹய்யாவ மேட்டில் இருக்கிற ராஜரத்தினம், ரத்தினம்மா தம்பதிக்கு இரண்டு பெண்கள். சின்னவள் சிந்துஜா, டவுனில் ஒரு லேபில் வேலை. இரண்டு வாரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை ஜீவன் மாத்தளைக்காரன், உத்தியோகம் வவுனியாவில். தாலி ஏறினதும் சிந்துவும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போக வேண்டியதுதான்.

பெரியவள்தான் நம்முடைய அனுஷியா. ஆறு வருடத்துக்கு முன்னால் அவளுக்கும் ஊரைக் கூட்டித்தான் கல்யாணம் நடந்தது. புருஷன் யுகேஷ் கீபோர்ட் வாசிக்கிறவன். மாலைதீவில் ஒரு ஹோட்டலில் வாசிக்கப் போனான், போனவன் அங்கேயே வேறொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். அனுஷியா தாலியைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டு, ஒரு டிராவல்ஸ் ஒபிஸில் வேலைக்குச் சேர்ந்துகொண்டாள். வெள்ளைக்காரர்களுக்கு ரூம் போட்டுக் கொடுப்பது, வேன் பிடித்துக் கொடுப்பது, இதுதான் அவள் பிழைப்பு.

அந்த ஒபிஸில்தான் பேச்சலரெட் பார்ட்டி என்ற சங்கதியே அவளுக்குத் தெரிய வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் தோழிகள் எல்லாம் சேர்ந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய், இரண்டு நாள் பாட்டும் ஆட்டமுமாகக் கிடப்பார்களாம். தலையில் ஒரு கிரீடம், தோளில் ஒரு பட்டி. அனுஷியா சிரித்துச் சிரித்து வீட்டில் சொன்னதை சிந்து பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் வேணும்க்கா. கல்யாணத்துல மத்ததெல்லாம் அம்மாவோடது, அத்தமாருங்களோடது. இந்த ரெண்டு நாள் மட்டும் உன்னோடது. நீதான் செய்யணும்."

அந்தச் சொல்லுக்கு அனுஷியா ராத்திரி தலையணையை நனைத்தாள். ஏனென்றால் மற்றதில் எதிலுமே அவளுக்குப் பங்கில்லை. கூறைச் சேலை எடுக்கப் போனபோது "நீ வீட்டப் பாத்துக்கம்மா" என்றார்கள். பத்திரிகை வைக்கப் போனபோது "உனக்கு ஒபிஸ் இருக்கே" என்றார்கள். யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்வதில்லை. அவளும் கேட்பதில்லை. தங்கச்சி கல்யாணத்தில் அவள் கையால் நடக்கிற காரியம் இந்த ஒன்றுதான். இதுவும் கை நழுவிப் போனால் அவளும் விருந்தாளி மாதிரி வந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

சரி, கதைக்கு வருவோம். வெள்ளிக்கிழமை விடிகாலை. வாசலில் அலவாங்கு குத்துகிற சத்தம் கேட்டு அனுஷியா கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

ராஜரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழி தோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மஞ்சள் பூசின கல்யாண முருங்கைக் கம்பு, மாவிலை, செம்பில் பால்.

"என்னாப்பா இது?"

"பந்தக்கால்மா."

"திங்கக்கெழமன்னீங்க?"

"திங்கக்கெழம கரிநாளாம். ஐயரு முந்தாநேத்து போன் பண்ணி வெள்ளிக்கெழமையே ஊன்டிருங்கன்னாரு."

"எங்கிட்ட யாருமே சொல்லலையே."

அப்பா அலவாங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வேண்டுமென்று மறைக்கவில்லை, பாவம். இந்த மாதிரிச் சடங்குப் பேச்சை அனுஷியாவிடம் பேசாமலே எல்லாருக்கும் பழகிப்போய்விட்டது, அவ்வளவுதான். கொழும்புப் பயணம் என்று அவள் வாரக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது பார்ட்டிப் பேச்சு. இது சடங்குப் பேச்சு. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நல்ல நேரம் வந்தது. ஐந்து சுமங்கலிகள் கம்பைத் தொட்டுக் குழியில் இறக்கினார்கள். பால் ஊற்றினார்கள். குலவைச் சத்தம் மேட்டுக்கு மேட்டுப் போய்த் திரும்பி வந்தது. அனுஷியா சமையலறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள். அங்கே நில் என்று யாரும் சொல்லவில்லை. கால் தானாகப் போய் நின்றுகொண்டது.

அந்த ஐந்து பேரில் ஒருத்தர் மாப்பிள்ளையின் பெரியம்மா. முதல் நாளே மாத்தளையிலிருந்து வந்து இறங்கிவிட்டார். கல்யாணம் வரைக்கும் போய்வந்து மேற்பார்வை பார்ப்பதாக ஏற்பாடு. யாரும் அவரை ஏற்பாடு செய்யவில்லை, அவராகவே செய்துகொண்ட ஏற்பாடு. கையில் எப்போதும் ஒரு கறுப்பு ஹேண்ட்பேக். வீட்டுக்குள் நடந்தாலும் அது கையில்தான்.

காரியம் முடிந்ததும் பெரியம்மா கதிரையில் சாய்ந்து வெற்றிலையை மடித்தார்.

"கால் ஊன்டியாச்சு. இனி கல்யாணம் முடியுற வரைக்கும் பொண்ணு ஆத்தத் தாண்டக் கூடாது. அதப் பாத்துக்குங்க ரத்தினம்மா. இந்த வீட்டுல ஏற்கனவே ஒருத்தி தாண்டிப் பாத்தாச்சில்ல."

அவர் மட்டும் முந்தின நாள் பஸ்ஸில் பாலம் தாண்டித்தான் வந்திருந்தார். அது வேறு.

ரத்தினம்மா கையிலிருந்த மஞ்சள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போனார். திரைக்குப் பின்னால் நின்ற அனுஷியாவைக் கடந்துதான் போனார்.

இந்த ஆற்றுப் பேச்சு அனுஷியாவுக்குப் புதிதில்லை. யுகேஷ் போன நாளிலிருந்து ஊர் முழுக்க இதே பல்லவிதான். 'பந்தக்கால் ஊன்டினதுக்குப் பொறகு அந்தப் புள்ள மகாவலியத் தாண்டிப் போச்சாம். அதான் வாழ்க்க இப்படி ஆயிருச்சு.' யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. அம்மா மட்டும் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. வாய் திறக்காததே பெரிய குற்றச்சாட்டு என்றுதான் அனுஷியா நினைத்திருந்தாள்.

இப்போது கொழும்பு ரயில். கண்டியை விட்டுப் புறப்பட்டால் பேராதனையில் ஆற்றைத் தாண்டாமல் எந்த ரயில் போகும்?

சிந்து அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். முகத்தில் இன்னும் மஞ்சள்.

"அக்கா, கேன்சல் பண்ணிராத."

"பண்ணாம?"

"போவோம். யாருக்குத் தெரியும்? கூட்டாளி வீட்டுக்கு, பஸ்லினா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போவோம்."

"பஸ்லினா வீடு மடவளையில இருக்கு, மண்டு. அதுவும் ஆத்துக்கு அந்தப் பக்கம்தான்."

சிந்து தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அனுஷியா தங்கச்சியின் கன்னத்து மஞ்சளைத் துடைத்துவிட்டாள்.

"நீ இதயெல்லாம் நம்புறியாக்கா?"

"நம்பல. ஆனா நாளைக்கு உனக்கு ஒரு கஷ்டம்னு வந்தா நம்பிருவேன். அந்தப் பயத்தோட என்னால ரயில் ஏற முடியாது சிந்து. என் தலையில ஒரு ஆறு போதும்."

"அப்ப நமக்கு ஒண்ணுமே இல்லையா?"

"அழாத. பொட்டு அழியும்."

ஒன்றுமே இல்லையா என்ற கேள்வி பஸ்ஸில் ஒபிஸ் வரைக்கும் அனுஷியாவோடு வந்தது. பஸ்காரன் வழக்கம்போல காது கிழிய பைலா போட்டிருந்தான். பாட்டில்லாமல் பஸ் ஓட்டினால் கண்டியில் பிரேக் பிடிக்காது போல. மற்ற நாளென்றால் அவள் கால் விரல் தாளம் போட்டிருக்கும்.

ஒபிஸுக்குப் போனதும் முதல் வேலையாகக் கொழும்பு ஹோட்டலுக்குப் போன் போட்டாள். அங்கே இருப்பவள் தெரிந்தவள். "அதுக்கென்ன அனு, வேற ஒரு நாளைக்கு மாத்திக்குவோம்" என்றாள். வேறு ஒரு நாள் எங்கே இருக்கிறது? அனுஷியா சரி என்று வைத்துவிட்டாள்.

மத்தியானம் பஸ்லினா வந்து நின்றாள். சிந்துவோடு ஒரே லேபில் வேலை செய்கிறவள், பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கூட்டாளி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் லேபில் ஆள் இருக்காது. சாப்பாட்டுப் பார்சலோடு ஓடி வந்திருந்தாள்.

"சிந்து அழுறாள் அக்கா. எனக்கு வெசயம் தெரியும். நீங்க ஏன் இப்படி மூஞ்சத் தொங்கப் போட்டுட்டு ஈக்கிறீங்க?"

"வேற என்ன செய்யச் சொல்ற? ஆத்தத் தூக்கி அந்தப் பக்கம் வெக்கவா?"

பஸ்லினா அனுஷியாவின் கதிரைக்குப் பின்னால் சுவரைப் பார்த்தாள். அங்கே சுற்றுலாக்காரர்களுக்கென்று கண்டியின் பெரிய வரைபடம் ஒன்று மாட்டியிருந்தது. பேனா மூடியால் நீலக் கோட்டைத் தொட்டு இழுத்தாள். பேராதனை, கட்டுகஸ்தோட்டை, தென்னகும்புர. ஆறு ஊரைச் சுற்றி வளைத்துக்கொண்டு போயிருந்தது.

"இங்க பாருங்க. இது முழுக்க ஆத்துக்கு இந்தப் பக்கம் தானே? இதுக்குள்ள எடம் இல்லாமலா போச்சு? வெள்ளக்காரனெல்லாம் ப்ளேன் ஏறி இங்க வாரான். நாங்க இங்கேந்து கொழும்புக்கு ஓடணுமா?"

அனுஷியா திரும்பிப் பார்த்தாள். எத்தனை பேருக்கு இந்தப் படத்தில் விரல் வைத்துக் காட்டியிருப்பாள்! இது வாவி, இது மாளிகை, இது புகையிரத நிலையம். தனக்கென்று ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் விரல் டவுனிலிருந்து ஆஸ்பத்திரிப் பக்கமாக மேலே ஏறிப் போனது.

"ஹந்தானை" என்றாள்.

"ஹந்தானை!" என்று பஸ்லினா மேசையில் தட்டினாள்.

ஹந்தானையில் தேயிலைக்கு நடுவே ஒரு பழைய துரை பங்களா இருக்கிறது. இப்போது விடுதியாக்கிவிட்டார்கள். அனுஷியா அடிக்கடி ஆள் அனுப்புகிற இடம். போன் போட்டாள். வர வேண்டிய கூட்டம் ஒன்று காய்ச்சலென்று நின்றுவிட்டதாம், சனியும் ஞாயிறும் காலி. "உங்களுக்கு இல்லாததா நோனா" என்றான் பொறுப்பாளன்.

"பாட்டு?" என்றாள் அனுஷியா. "கொழும்புன்னு சிந்து ஆசப்பட்டதே பாட்டுக்காகத்தான்."

"கண்டியில பாட்டுக்குப் பஞ்சமா அக்கா? பெரஹெரா ஊர்வலத்துக்கு மேளம், மேட்சுக்கு பப்பரே பேண்ட், தேருக்கு தப்பு. இந்த ஊர்ல நாலு பேர் வேன்ல ஏறினா மூணு பேர் பாடுறான், ஒருத்தன் வேன்ட கதவுல தட்டுறான். எங்கட ஷப்ராஸ் நானாட பேண்ட் நாளைக்குச் சும்மாத்தான் ஈக்கி. ஸ்பீக்கர் எல்லாம் வேனோட வரும்."

அரை மணி நேரத்தில் காரியம் முடிந்தது. கொழும்பிலிருந்து சேர்ந்துகொள்வதாக இருந்த இரண்டு தோழிகளும் ரயிலேறி இங்கே வருவதாகச் சொன்னார்கள். அனுஷியாவுக்கு உடம்பில் ரத்தம் ஓடத் தொடங்கியது. சிந்துவுக்கென்று வாங்கி மேசைக்குள் வைத்திருந்த கிரீடத்தை எடுத்துப் பஸ்லினாவின் தலையில் வைத்து அழகு பார்த்தாள்.

போகும்போது பஸ்லினா வாசலில் தயங்கினாள்.

"அக்கா, ஒண்டு கேட்டா கோவிக்க மாட்டீங்களே? உம்மா கேட்டுட்டு வரச் சொன்ன. சிந்துட கல்யாண பிளவுஸ ஏன் எங்களுக்குத் தைக்கத் தரல்ல?"

பஸ்லினாவின் உம்மா ஸக்கியா மடவளையில் தையல்காரி. மஹய்யாவ பெண்கள் பாதிப் பேருக்கு அவர்தான் தைப்பார்.

"அது... அம்மா வேற யாருகிட்டயோ குடுத்துட்டாங்க போல."

"உங்கட கல்யாணத்துக்குப் பொறகு ரத்தினம்மா மாமி எங்கட வீட்டுப் பக்கம் வரவே இல்லக்கா. ரோட்டுல உம்மாவக் கண்டாலும் தலைய குனிஞ்சிட்டுப் போற. உங்கட பிளவுஸ்ல ஏதோ பிழை விட்டுட்டேன்டு உம்மா இன்னும் செல்லிட்டு ஈக்கிறா. கை எறுக்கமா? கழுத்து சரியில்லையா?"

"என்ன பிழை? அவ்வளவு அழகா இருந்துச்சு. நானே வந்து எடுத்துட்டுப் போனேனே!"

சொல்லி வாய் மூடவில்லை. அனுஷியா அப்படியே நின்றாள்.

நானே வந்து எடுத்துட்டுப் போனேனே.

அந்த நாள் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. வாசலில் பந்தக்கால் ஊன்றின மறுநாள். வீடெல்லாம் ஆள். அம்மா அடுப்படியில் வியர்த்து வழிந்துகொண்டு கத்தினார். 'அனு, ஓடிப் போய் ஸக்கியாகிட்ட பிளவுஸ எடுத்துட்டு வந்துரு, நாளைக்கு நேரம் கெடைக்காது.' அவள் செருப்பை மாட்டிக்கொண்டு மடவளை பஸ்ஸில் ஏறினாள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னலோரம் காற்று வாங்கினாள். அரை மணி வேலை, வந்துவிட்டாள். அது ஒரு பயணம் என்றே அவள் மனதில் பதியவில்லை. ஊர் சொன்ன கதையில் அவள் கூட்டாளிகளோடு சுற்றப் போனதாக இருந்தது. சொல்லிச் சொல்லிக் கேட்டு, அப்படித்தான் போலிருக்கிறது என்று அவளுமே நினைக்கத் தொடங்கியிருந்தாள்.

"அக்கா? என்னாச்சு?"

"உம்மாகிட்ட சொல்லு பஸ்லினா. பிளவுஸுல ஒரு பிழையும் இல்ல. ஒரு பிழையும் இல்ல."

வீட்டுக்கு வரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வாசலில் அப்பா இருந்தார். ஹந்தானை பங்களா என்றதும் அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் பிறந்தது அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான்.

"அந்த பங்களாவுல முன்வாசல் வழியா நான் போனதே இல்லம்மா. கிட்டப் போனாலே தொரத்துவாங்க. நீ எட்டுப் பொண்ணுங்களோட போய் கூத்தடிக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிரித்தார். "போங்க, போங்க. நல்லா சத்தமா பாடுங்க."

அம்மா சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அனுஷியா கதவோரம் நின்றாள். பஸ்ஸில் வரும்போது எவ்வளவோ பேச்சைச் சேர்த்துவைத்திருந்தாள். எல்லாம் போய்விட்டது.

"அம்மா. ஸக்கியா மாமி கேக்குறாங்களாம். அவங்க தச்ச பிளவுஸுல என்ன பிழைன்னு."

துருவல் சத்தம் நின்றது.

"ஆறு வருஷமா அவங்க அதையே நெனச்சுக்கிட்டு இருக்காங்களாம். நான் என்னம்மா பதில் சொல்ல?"

ரத்தினம்மா திரும்பவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

"அவங்ககிட்ட பிழை இல்ல" என்றார் மெதுவாக. "உங்கிட்டயும் இல்ல."

"அப்ப ஏம்மா?" அனுஷியாவுக்குக் கோபம் இப்போதுதான் வந்தது. வந்தது என்றால் நெஞ்சு வெடிக்கிற மாதிரி வந்தது. "ஊர்ல எல்லாரும் அவ ஆத்தத் தாண்டினா, அவ ஆத்தத் தாண்டினான்னு சொல்லயில ஒரு வார்த்த சொன்னீங்களா? நான்தான் அனுப்புனேன்னு ஒரே ஒரு வார்த்த? இன்னைக்குக் காலையில கூட அந்தப் பொம்பள சொன்னா. நீங்க என்னத் தாண்டிப் போனீங்க!"

"சொல்ல முடியலடி. வாயில வரும், வெளிய வராது. சொன்னா அது நெசமாயிருமே. எம்மக வாழ்க்கைய நானே ஒரு பிளவுஸுக்காக ஆத்துல போட்டேன்னு ஆயிருமே. அத எப்படி நான் சொல்வேன்? ஒன்னப் பாக்கயில எல்லாம் அந்தப் பாலந்தான் தெரியுது. அதான் ஒன்ன ஒரு காரியத்துக்கும் முன்னால கூப்புட முடியல. ஒன்ன ஒதுக்கணும்னு இல்லடி. எனக்கு நடுங்குது."

அனுஷியா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைக் குற்றவாளியாகப் பார்க்கிறார் என்று இத்தனை நாள் நினைத்த அதே கண்தான். கடைசியில் பார்த்தால் இந்த அம்மா தன்னையே கூண்டில் ஏற்றி நிறுத்திவைத்திருக்கிறார்.

"அம்மா, இங்க பாருங்க. யுகேஷ் போனதுக்கு யுகேஷ்தான் காரணம். அவனுக்குப் புத்தி அப்படி. ஆத்துக்கு என்ன தெரியும்? அது பாட்டுக்குப் போகுது."

"அப்படியாடி?"

"அப்படித்தான்."

ரத்தினம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். தேங்காய்ப் பூ ஒட்டிய கையோடு மகளின் கன்னத்தைத் தொட்டார். நெடுநாளைக்குப் பிறகு தொட்டார். அனுஷியா அந்தக் கையை அப்படியே பிடித்துவைத்துக்கொண்டு அழுதாள்.

"ஸக்கியாவுக்கு போனப் போடு" என்றார் அம்மா கொஞ்ச நேரம் கழித்து. "சிந்துவுக்குத் துணி இன்னும் வெட்டல. அவ கையாலதான் தைக்கணும். பொண்ணுதான் ஆத்தத் தாண்டக் கூடாது, தையக்காரி வரலாமில்ல?"

விளக்கு வைக்கிற நேரம். பந்தக்காலுக்கு அந்தியில் ஒரு விளக்கேற்ற வேண்டும். காலையில் வந்த பெண்களில் மூன்று பேர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார், ஹேண்ட்பேக் மடியில். சிந்து புதுப் பாவாடை தாவணியில் நின்றாள்.

ரத்தினம்மா வெளியே வந்தார். ஒரு கையில் தீப்பெட்டி. மறு கையில் அனுஷியாவின் மணிக்கட்டு. அனுஷியா வாசற்படியில் பின்வாங்கப் பார்த்தாள், அம்மா விடவில்லை. பந்தக்கால் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், தீப்பெட்டியை அவள் கையில் திணித்தார்.

"ஏத்து."

வெற்றிலை மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன.

"ரத்தினம்மா" என்று பெரியம்மா ஆரம்பித்தார்.

"மதினி, காலையில நீங்க ஒரு வார்த்த சொன்னீங்க. இந்த வீட்டுல ஒருத்தி ஆத்தத் தாண்டிப் பாத்தான்னு." ரத்தினம்மா பெரியம்மாவின் முகத்தை நேரே பார்த்தார். "அவளாப் போகல. நான் அனுப்புனேன். பிளவுஸ் எடுத்துட்டு வரச் சொல்லி நான்தான் பாலந்தாண்ட அனுப்புனேன். அத இவ்வளவு நாள் சொல்லாம இருந்ததும் நான்தான். கோவப்படணும்னா எம்மேல கோவப்படுங்க. எம்மூத்த மகதான் இந்த வெளக்க ஏத்துவா."

ராஜரத்தினம் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். அவருக்கும் அது இன்றைக்குத்தான் தெரியும்.

அனுஷியா கிழித்த முதல் குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவது குச்சிக்கு சிந்து ஓடி வந்து இரண்டு கையையும் குவித்துப் பிடித்தாள். திரி பற்றிக்கொண்டது.

குலவை போட வேண்டிய பெண்கள் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிந்துவுக்குப் பொறுக்கவில்லை. தானே நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். கல்யாணப் பெண் தனக்குத் தானே குலவை போட்டதை மஹய்யாவ அதுவரை கேட்டதில்லை. அதுவும் பாதியில் தொண்டை கட்டி இருமலில் போய் முடிந்தது. ஒரு அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, அவரும் சேர்ந்து போட்டார். அப்புறம் மற்ற இருவரும்.

பெரியம்மா மட்டும் அசையவில்லை. சத்தம் ஓய்ந்ததும் ஹேண்ட்பேக்கைத் திறந்தார். போனை எடுத்தார். யாருக்குப் பேசப்போகிறார்? மாத்தளைக்கா? மாப்பிள்ளையின் அம்மாவுக்கா? அனுஷியா விளக்கை ஏற்றின விரலைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். தன்னால் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒன்று என்றால், அவள் இந்த வீட்டில் முகம் காட்டுவதெப்படி?

பெரியம்மா போனில் மணியைப் பார்த்துவிட்டு அதை மறுபடி ஹேண்ட்பேக்கில் போட்டார். படக்கென்று மூடினார்.

"அனுஷியா."

"சொல்லுங்க பெரியம்மா."

"ஹந்தானைக்கு நாளைக்கு வேன் எத்தன மணிக்கு?"

"ஒம்பதுக்கு."

"எனக்கும் ஒரு எடம் போடு. முன் சீட்டு. பின்னால உக்காந்தா எனக்குத் தல சுத்தும்."

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். பாட்டுப் பாட வருகிறாரா, பெண்களுக்குக் காவல் இருக்க வருகிறாரா, அது அவருக்கே வெளிச்சம். சிந்து வாயைப் பொத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். அனுஷியா போனை எடுத்து, பஸ்லினாவின் நம்பரை அழுத்தினாள்.

"பஸ்லினா, கிரீடம் இன்னொண்ணு வேணும்."